மவுசாகலையின் அடியில் ஒரு வட்ட இரும்பு: அது என்னவாக இருக்கும்?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹட்டன் பக்கத்து இளைஞர்கள் நால்வர், அனுமதி எடுத்து மவுசாகலை நீர்த்தேக்கத்தில் சுழியோடுகிறவர்கள். ஒரு சிறிய குடா அவர்களுக்கு நன்கு பழகிய இடம். 14 மீட்டர் ஆழம், சேற்றுத் தரை, சில மரக்கட்டைகள், அவ்வளவுதான். இந்த முறை இறங்கியபோது அங்கே முன்பு கண்டிராத ஒரு வட்டமான உலோகப் பொருள் பாதி சேற்றில் புதைந்து கிடந்திருக்கிறது. ஐந்தடி அகலம் இருக்கும் என்கிறார்கள். மேற்பரப்பில் தாமரை இதழ்போல் வளைந்த வரம்புகள், நடுவில் ஒரு கூம்பு. பழைய மஸ்கெலியா கோயிலின் பீடம் என்று ஒருவர் சொல்கிறார். 1974இல் விழுந்த விமானத்தின் பாகம் என்கிறார் இன்னொருவர். மூன்றாமவருக்கு அது வெடிகுண்டோ என்று பயம். நான்காமவர் எதையும் யோசிக்காமல், தூக்கி விற்றால் பழைய இரும்புக்கு என்ன விலை போகும் என்று கேட்டிருக்கிறார். மங்கலான ஒரு படமும் அனுப்பியிருக்கிறீர்கள்.

தம்பிமார், என் ஊகத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது பழைய தேயிலைத் தொழிற்சாலையின் ரோலர் மேசை. கொழுந்தை உருட்டும் இயந்திரத்தின் அடித்தட்டு. படம் மங்கலாக இருப்பதால் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் நீங்கள் சொன்ன மூன்று அடையாளங்களும், அதாவது வட்டம், பிறைபோல் வளைந்த வரம்புகள், நடுக்கூம்பு ஆகியவை, ஒன்றாகச் சேர்ந்திருக்கும் வேறு பொருள் மலையகத்தில் எனக்குத் தெரியாது. வாழ்நாளில் பாதியை ஸ்டோர்களின், அதாவது தேயிலைத் தொழிற்சாலைகளின், எண்ணெய் வாசனையில் கழித்தவன் என்பதால் இப்படிச் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரோலர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் அந்த வடிவம் ஏன் அப்படி என்பது விளங்கும். வாட்டிய கொழுந்தை ஆதியில் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துத்தான் உருட்டினார்கள். 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரும் பங்களா விறாந்தையில் மேசை போட்டுக் கையால்தான் உருட்ட வைத்தார். இயந்திரம் அதே வேலையைப் பெரிதாகச் செய்கிறது. கீழே அசையாத வட்ட மேசை. மேலே ஜாக்கெட் என்று நாம் சொல்லும் உருளை, அடியில்லாத அண்டாவைப் போல. அதற்குள் கொழுந்தைக் கொட்டி, மேலே மூடி வைத்து அழுத்தம் கொடுப்பார்கள். ஜாக்கெட் தன்னைத்தானே சுற்றாது, மேசையின்மேல் வட்டமடிக்கும். அப்போது கொழுந்து மேசையில் உள்ள வளைந்த வரம்புகளில் உரசி, புரண்டு, முறுகும். நடுக்கூம்பு கொழுந்தை மேலே தள்ளிப் புரட்டிவிடும். இலையின் உள்ளே இருக்கும் சாறு வெளியே வந்து காற்றுப்படும். தேநீரின் நிறமும் வாசனையும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. உருட்டி முடிந்ததும் மேசையின் நடுவில் உள்ள கதவைத் திறந்தால் கொழுந்து கீழே விழும். சில இயந்திரங்களில் மேசையும் ஜாக்கெட்டுக்கு எதிர்த்திசையில் சுற்றிவரும். இரண்டு வகையிலும் மேசையின் முகம் ஏறக்குறைய ஒன்றுதான்.

உங்கள் படத்தில் நான் தேடியது வரம்புகளை அல்ல, விளிம்பை. ஜாக்கெட்டைச் சுற்றவைக்கும் கிராங்குகள், அதாவது வளைந்த சுழற்கைகள், மூன்று. அவை வட்டத்தைச் சுற்றிச் சம இடைவெளியில், ஒன்றுக்கொன்று 120 பாகையில் நிற்கும். ஆகவே மேசையின் விளிம்பில் மூன்று இடங்களில் தடித்த காதுகளோ, ஆணித்துளை உள்ள தாங்கிகளோ இருந்தாக வேண்டும். உங்கள் படத்தின் வலதுபக்கம் ஒரு முட்டு தெரிகிறது. மற்ற இரண்டும் சேற்றுக்குள் இருக்கலாம். அடுத்த முறை இறங்கும்போது அதிலிருந்து மூன்றில் ஒரு பங்கு சுற்றளவு தள்ளிக் கையால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். அங்கேயும் ஒரு முட்டு தட்டுப்பட்டால் விவாதமே வேண்டாம்.

ஐந்தடி என்பதையும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். முகமூடிக் கண்ணாடி வழியாகத் தண்ணீருக்குள் பார்க்கும்போது எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், பக்கத்தில் இருப்பது போலவும் தெரியும். நீங்கள் ஐந்தடி என்று பார்த்தது நாலடிக்குக் கொஞ்சம் குறைவாகவே இருக்கலாம். தையற்காரர் அளவு நாடா ஒன்றைக் கொண்டுபோய் அளந்து வாருங்கள். நம் தொழிற்சாலைகளில் ரோலர்களை 36 அங்குலம், 44 அங்குலம், 47 அங்குலம் என்று சொல்வது ஜாக்கெட்டின் விட்டத்தை வைத்து. மேசை அதைவிடப் பெரிதாக இருக்கும். நாலடிக்குக் குறைவான மேசை என்றால் சின்ன ரோலர், பெரும்பாலும் பழையது.

இனி, உங்களுக்குள் ஓடிய மற்ற ஊகங்கள்.

கோயில் பீடம் என்று சொன்ன தம்பியைக் கேலி செய்யாதீர்கள். மவுசாகலையில் சுழியோடும் எவருக்கும் முதலில் அந்த எண்ணம்தான் வரும். 1960களின் கடைசியில் மஸ்கெலியா ஓயாவை மறித்து அணை கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரமே நீருக்குள் போனது. வறட்சி கடுமையாகும் வருடங்களில் கோயில், விகாரை, பள்ளிவாசல் மூன்றின் எச்சங்களும் வெளியே வருவதும், சனம் அதைப் பார்க்கப் போவதும் இந்தப் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் நம் கோயில்களின் பலிபீடம் கருங்கல். கல்லில் துரு இருக்காது, ஆணித்துளையும் இருக்காது. ஒரு சின்ன காந்தத்தை நூலில் கட்டிக் கொண்டுபோங்கள். வார்ப்பிரும்பில் ஒட்டும், கல்லிலும் பித்தளையிலும் ஒட்டாது. இதில் ஒரு சிக்கல் உண்டு. பல ரோலர் மேசைகளின் முகத்துக்குப் பித்தளைத் தகடு போர்த்தி, வரம்புகளையும் பித்தளையிலேயே வைத்திருப்பார்கள். அடிச்சட்டம் மட்டும் வார்ப்பிரும்பு. அதனால் மேலே ஒட்டாமல் விளிம்பில் ஒட்டினால் குழம்ப வேண்டாம், அதுவும் ரோலர் பக்கத்துச் சாட்சிதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பொருளுக்குப் பக்கத்தில் சூலமோ, சின்ன விளக்கோ, குங்குமச் செப்போ கிடந்தால்கூட அது கோயில் என்று முடிவு கட்டிவிட முடியாது. தோட்டத் தொழிற்சாலைகளில் ரோதைமுனிக்குப் படையல் போடும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஓடும் சக்கரத்தில் கை கால் சிக்காமல் காக்கும் சாமி அவர். இயந்திரமும் சாமியும் ஒரே கூரைக்குள் இருந்த இடங்கள் அவை. அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் தொடாமல் விட்டுவிடுங்கள். அதற்குச் சட்டக் காரணம் தேட வேண்டியதில்லை.

விமானம் பற்றி. 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு கொழும்பில் இறங்க வந்த மார்ட்டினெயர் டிசி-8 விமானம் சப்த கன்னியர் மலையில் மோதியது. யாத்திரிகர் 182 பேர், பணியாளர் 9 பேர், மொத்தம் 191 பேர். ஒருவரும் பிழைக்கவில்லை. நோர்ட்டன் பிரிட்ஜில் அந்த விமானத்தின் சக்கரம் ஒன்றை இன்றும் வைத்திருக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இது கேட்டுக் கேட்டுப் பழகிய துயரம் என்பதால், தண்ணீருக்குள் எந்த உலோகத்தைக் கண்டாலும் நினைவு அங்கேதான் ஓடும். ஆனால் விமானம் மோதியது மலைச்சரிவில், உங்கள் குடாவில் இல்லை. மேலும் விமான உடல் மெல்லிய அலுமினியத் தகடு. வரிசை வரிசையாகச் சிறிய ரிவெட் ஆணிகள் இருக்கும், செந்துரு பிடிக்காது. நீங்கள் பார்த்தது தடித்த வார்ப்பு. என்றைக்காவது ரிவெட் வரிசை உள்ள கிழிந்த தகடு எங்கேயாவது கண்ணில் பட்டால் அதை ஒரு கல்லறையாக நினைத்து விலகி, பொலிசுக்குச் சொல்லுங்கள்.

குண்டு? 1942 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும் 9ஆம் திகதி திருகோணமலையிலும் ஜப்பானியர் குண்டு போட்டார்கள். மலையகத்தில் போடவில்லை. ஆகவே விமானக் குண்டு என்ற பயம் தேவையில்லை. பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு: சுரங்கம் தோண்டவும் கல் உடைக்கவும் பாவித்த வெடிமருந்துக் குச்சி, வயர் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் குழாய் போன்றவை. அணை கட்டிய இடங்களின் சுற்றுவட்டத்தில் அப்படி எது கிடந்தாலும் கையை எடுங்கள். ஒன்றரை அடிக்கு மேல் அகலமான வட்டத் தட்டு அந்த வகையில் சேராது.

நீங்கள் நால்வரும் சொல்லாத ஐந்தாவது ஊகம் ஒன்றும் எனக்கு இருந்தது. பெல்டன் சக்கரம். மின்சார சபையின் கம்பி தோட்டத்துக்கு வருவதற்கு முன்பு, அருவித் தண்ணீரைக் குழாயில் இறக்கிச் சிறிய விசைச்சக்கரத்தைச் சுழற்றித்தான் பல ஸ்டோர்கள் ஓடின. அந்தச் சக்கரத்தைப் படுக்கப் போட்டால் பூப்போலத்தான் இருக்கும். ஆனால் அதன் ‘இதழ்கள்’ விளிம்பில், இரட்டைக் கிண்ணங்களாக, நடுவில் ஒரு கூர்மையான பிரிப்போடு இருக்கும். நடுவில் கூம்பு இருக்காது, தண்டு நுழையும் துளை இருக்கும். உங்கள் படத்தில் வரம்புகள் தட்டின் முகத்தின்மேல் படுத்திருக்கின்றன. அதனால்தான் அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன். ஆனால் அந்தக் குடாவில் இன்னும் கொஞ்சம் தேடினால் பெல்டனும் கிடைத்தாலும் கிடைக்கும். ஸ்டோர் இருந்தால் விசை இருந்திருக்கும், விசை இருந்தால் குழாய் இருந்திருக்கும். சேற்றில் ரிவெட் அடித்த இரும்புக் குழாய்த் துண்டுகள் மேட்டுப் பக்கமாகப் போகின்றனவா என்று பாருங்கள்.

இங்கேதான் நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல நினைத்தது இருக்கிறது. கடலில் சுழியோடிப் பழகியவர்கள் அடியில் ஒரு பொருளைக் கண்டால் ‘எந்தக் கப்பலிலிருந்து விழுந்தது’ என்றுதான் யோசிப்பார்கள். அது கடலுக்குச் சரியான கேள்வி. 1961இல் இலங்கையின் தென்கிழக்குக் கடலில் கிரேட் பாசஸ் பாறைத் தொடர் அருகே சுழியோடி மைக் வில்சனும் அவரோடு போன சிறுவர்களும் முகலாயர் காலத்து வெள்ளி நாணயங்களைக் கண்டபோது அந்தக் கேள்விதான் அவர்களை உடைந்த கப்பலிடம் கொண்டுபோனது. நம் நீர்த்தேக்கத்தில் மேலே இருந்து விழுவதற்குப் பெரிதாக எதுவும் இல்லை. மீன் பிடிக்கும் தோணி, வலை, யாராவது தவறவிட்ட கைத்தொலைபேசி, அவ்வளவுதான். அடியில் இருப்பதெல்லாம் தண்ணீர் வருவதற்கு முன்பே அங்கே இருந்தவை. நீங்கள் நீந்துவது ஒரு தோட்டத்தின்மேல். கீழே வடிகான் வெட்டிய தடம் இருக்கும், தேயிலைத் தூர்கள் வரிசையில் நிற்கும், நிழல் மரங்களின் அடிக்கட்டைகள் இருக்கும், தொழிலாளர் குடியிருந்த லயத்து அத்திவாரம் இருக்கும், பாதை இருக்கும், மதகு இருக்கும். ஆகவே பொருளைப் பார்த்துத் திகைப்பதைவிட, அது கிடக்கும் நிலம் முன்பு என்னவாக இருந்தது என்று தேடினால் பாதி விடை வந்துவிடும்.

அதற்கு வழி இருக்கிறது. நில அளவைத் திணைக்களத்தின் பழைய வரைபடங்கள், மைலுக்கு ஒரு அங்குலம் என்ற அளவில் வரைந்தவை, அணைக்கு முந்திய பதிப்புகளில் இந்தப் பள்ளத்தாக்கைத் தண்ணீர் இல்லாமல் காட்டும். தோட்டத்தின் பெயர், ஓடை, வண்டிப்பாதை, தொழிற்சாலை எல்லாம் குறித்திருப்பார்கள். உங்கள் குடாவின் இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்து அதன்மேல் வைத்துப் பாருங்கள். ஸ்டோர்களை ஓடைக்குப் பக்கத்தில்தான் கட்டினார்கள், விசைக்குத் தண்ணீர் வேண்டும் என்பதால். ஆகவே பள்ளத்தாக்கை நிரப்பியபோது முதலில் மூழ்கும் இடங்களில் ஸ்டோரும் ஒன்று. தோட்டங்களின் பெயர், ஏக்கர், உரிமையாளர் விவரத்துக்கு ஃபெர்குசன் டிரெக்டரியின் பழைய தொகுதிகள் இருக்கின்றன, கொழும்பில் தேசிய சுவடிக்கூடத்தில் கேட்கலாம். அதற்கெல்லாம் முன்பு, மஸ்கெலியாவில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு ஐயாவையோ அம்மாவையோ தேடிப் போய், ‘அந்தக் குடாவில் தண்ணி வருவதற்கு முந்தி என்ன இருந்துச்சு?’ என்று கேளுங்கள். திணைக்களத்தில் நீங்கள் படிவம் நிரப்பி முடிப்பதற்குள் அவர் பதில் சொல்லிவிடுவார். வெற்றிலையோடு போனால் இன்னும் நல்லது.

நல்ல இயந்திரத்தை விட்டுவிட்டு எவரும் போயிருக்க மாட்டார்கள் என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். அணை வருகிறது என்று முன்பே தெரியும், ஓடக்கூடியதைக் கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள். மிஞ்சுவது தேய்ந்த மேசை, உடைந்த வார்ப்பு, ஏற்றிப்போகும் செலவுக்குப் பெறுமதி இல்லாதவை. எல்லாத் தொழிற்சாலைகளின் பின்புறத்திலும் அப்படி ஒரு குவியல் இருக்கும், இன்றும் இருக்கிறது. சில இடங்களில் பழைய மேசையைக் குப்புறப் போட்டுக் கிணற்று மூடியாகவும் பாவித்திருக்கிறார்கள்.

பழகிய இடத்தில் இது ஏன் இப்போது மட்டும் தெரிந்தது என்ற கேள்விக்கு வருகிறேன். நீங்கள் யாரும் அதைக் கேட்கவில்லை, ஆனால் எனக்கு அதுதான் ருசியான பகுதி. மவுசாகலையின் மட்டம் ஒரே நிலையில் நிற்பதில்லை. மே மாதத்திலிருந்து தென்மேல் பருவமழை கொட்டும், நிரம்பும், சில வருடங்களில் வான்கதவு திறக்கும் அளவுக்குப் போகும். பிறகு கேனியன் மின்நிலையத்துக்குத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்க, மழை குறைந்த ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை மட்டம் இறங்கும். அப்படி இறங்கும்போது நீர்விளிம்பு படிப்படியாகச் சரிவில் கீழே போகிறது. விளிம்பு எங்கே நிற்கிறதோ அங்கே காற்றடிக்கும் சிற்றலை நாள்முழுக்க மண்ணை அரிக்கும். நிரம்பிய காலத்தில் 14 மீட்டர் ஆழத்தில் இருக்கும் ஒரு பொருள், கடும் வறட்சியில் கரையோரத்தில் முழங்கால் தண்ணீரில் இருந்திருக்கலாம். அலை அதன்மேல் இருந்த சேற்றைக் கழுவிவிடும். மழை வந்து மட்டம் ஏறியதும் நீங்கள் போய்ப் பார்க்கிறீர்கள், புதிதாக ஒன்று முளைத்ததுபோல் இருக்கிறது. இன்னொரு வேலையும் நடக்கும். பெரிய மழைக்கு ஓடைகளில் வரும் சேற்றுநீர், தெளிந்த நீரைவிடப் பாரமானது. அது நீர்த்தேக்கத்தின் அடியோடு பழைய ஓடையின் வழியிலேயே ஊர்ந்துபோகும், சில இடங்களில் சேற்றைக் கொட்டும், சில இடங்களில் வாரிக்கொண்டு போகும். ஆகவே அடுத்த வருடம் நீங்கள் போகும்போது அந்த மேசை மறுபடியும் காணாமல் போயிருந்தால் யாரோ திருடிவிட்டார்கள் என்று சண்டை பிடிக்க வேண்டாம்.

அது இவ்வளவு முழுசாக இருப்பதற்கும் காரணம் உண்டு. இது நன்னீர். கடலில் கிடந்தால் சிப்பியும் பவளமும் மூடி உருவமே தெரியாது. மரத்தைத் துளைக்கும் கடற்புழுவும் இங்கே இல்லை. அதனால் மேசையின் அடியில் தேக்குப் பலகை இருந்தால் அதுவும் மிஞ்சியிருக்க வாய்ப்புண்டு. ஆனால் வார்ப்பிரும்பு பார்வைக்கு உறுதியாக இருந்தாலும் உள்ளே அப்படி இருக்காது. நெடுங்காலம் நீரில் ஊறினால் இரும்பு கரைந்து போய், கரி போன்ற மிருதுவான பகுதி மட்டும் அதே உருவத்தில் நிற்கும். கத்தியால் கீறினால் பென்சில் கூர்போல் கறுப்பாக வரும். அப்படிப்பட்டதை வெளியே எடுத்து வெயிலில் காயவிட்டால் வெடித்து உதிரும். பழைய இரும்புக்காரருக்கும் லாபம் இல்லை, நூதனசாலைக்கும் லாபம் இல்லை.

தூக்கும் யோசனையை இதனால் மட்டும் நான் எதிர்க்கவில்லை. அந்த மேசையின் பாரம் நூற்றுக்கணக்கான கிலோ, போதாததற்குச் சேறு அதைக் கீழே உறிஞ்சிப் பிடித்திருக்கும். காற்றுப்பை கட்டித் தூக்கினால் முதலில் அசையாது, இன்னும் காற்று விடுவீர்கள், பிறகு சேறு திடீரென்று விட்டுக்கொடுக்கும். அப்போது பை வேகமாக மேலே பாயும், கயிற்றில் கை சிக்கியவரும் அதோடு போவார். மேலே போய்ப் பை கவிழ்ந்தால் அத்தனை பாரமும் திரும்பி உங்கள் தலைக்கு வரும். இதைக் கடற்படைச் சுழியோடிகள் செய்வார்கள், பயிற்சியோடு. நீங்கள் வேண்டாம்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீர்த்தேக்கமும் அதன் அடியும் உங்கள் சொத்து இல்லை, சுழியோட அனுமதி என்பது பொருள் எடுக்க அனுமதி ஆகாது. தொல்பொருள் என்று கருதக்கூடியது எதுவானாலும் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி அரசுக்கு உரியது. ரோலர் மேசை அந்த வரையறைக்குள் வராமல் போகலாம், ஆனால் பக்கத்தில் கல்வெட்டோ சிலையோ இருந்தால் கதை வேறு. கொடவாய கடலடியில் நடந்ததை இங்கே ஞாபகப்படுத்த வேண்டும். அம்பாந்தோட்டைக் கரையில் சங்கு எடுக்க இறங்கிய உள்ளூர்ச் சுழியோடிகள் 33 மீட்டர் அளவு ஆழத்தில் பழைய பாண்டங்களைக் கண்டார்கள், ஒரு சின்ன வாங்குபோன்ற கல்லும் கிடைத்தது, அதில் மீன் முதலிய சின்னங்கள் செதுக்கியிருந்தன. செய்தி தொல்லியலாளர்களிடம் போனதால்தான், இரண்டாயிரம் வருடங்களுக்கு மேற்பட்ட, இந்து சமுத்திரத்தின் மிகப் பழைய உடைகப்பல் என்று இன்று உலகம் பேசுகிறது. கடலடித் தொல்லியல் பிரிவு காலியில் இருக்கிறது. உங்கள் படத்தையும் அளவையும் மின்சார சபைக்கும் அவர்களுக்கும் ஒரு கடிதமாக அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது உங்கள் உடம்பைப் பற்றி. கேள்வியின் ஓரத்தில் ஒருவர், ‘சனிக்கிழமை திருகோணமலையில் இறங்கினோம், ஞாயிறு மவுசாகலை’ என்று சாதாரணமாக எழுதியிருந்தீர்கள். வாசித்ததும் எனக்குக் கோபம் வந்தது. கடல் மட்டத்தில் சுழியோடிய பிறகு உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். விமானம் ஏறுவதற்கு முன் ஒரு முறை இறங்கியவர் குறைந்தது 12 மணித்தியாலமும், பல முறை இறங்கியவர் 18 மணித்தியாலமும் பொறுக்க வேண்டும் என்ற வழிகாட்டல் உங்களுக்குப் படித்துத் தந்திருப்பார்கள். ஹட்டன் சுமார் 1,270 மீட்டர் உயரம். வானில் ஏறினாலும் வேனில் ஏறினாலும் காற்றழுத்தம் குறையும், இரத்தத்துக்கு ஒன்றுதான். திருகோணமலையில் மாலையில் கரையேறி இரவோடிரவாகக் கண்டி வழியாக மலையேறுவது, சுழியோடிவிட்டு விமானம் பிடிப்பதற்குச் சமம். மூட்டுவலி, தோள்வலி, கைகால் மரத்துப்போவது என்றால் வேன் பயணக் களைப்பு என்று தைலம் தேய்க்காமல் உடனே ஒட்சிசன் கொடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

மவுசாகலையிலேயே இறங்குவதற்கும் தனிக் கணக்கு உண்டு. 1,100 மீட்டருக்கு மேல் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 87 சதவீதம்தான். எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று காட்டும் சுழியோட்ட அட்டவணைகளெல்லாம் கடல் மட்டத்துக்குப் போட்டவை. நீங்கள் 14 மீட்டர் இறங்கினால், நன்னீருக்கான கழிவையும் போட்டுப் பார்த்தால், அட்டவணையில் பார்க்க வேண்டியது ஏறக்குறைய 16 மீட்டர். அந்த ஆழத்தில் பெரிய வித்தியாசமாகத் தெரியாது, ஆனால் 25 மீட்டருக்குப் போகிறவர்களுக்கு இது விளையாட்டு இல்லை. கையில் சுழியோட்டக் கணினி கட்டியிருந்தால் அது உயரத்தைத் தானாக எடுத்துக்கொள்கிறதா, நீங்கள் மாற்ற வேண்டுமா என்று கையேட்டில் பாருங்கள். கடலில் கட்டும் ஈயப் பாரத்தை அப்படியே இங்கே கட்டாதீர்கள். நன்னீரில் மிதப்பு குறைவு, இரண்டு கிலோவாவது கழற்றலாம். பாரம் கூடினால் சேற்றில் போய் உட்காருவீர்கள், ஒரு துடுப்பு உதைப்பில் மேசையும் மறையும் கூட்டாளியும் மறைவார்.

இன்னொன்று. மட்டம் இறங்கும் மாதங்களும் சிவனொளிபாதமலை யாத்திரைக் காலமும் ஒன்றாக வருகின்றன. நல்லதண்ணிக்குப் போகும் பாதை உங்கள் குடாவைத் தாண்டித்தான் போகிறது. பகலில் இறங்கிவிட்டு அன்றிரவே மலையேறலாம் என்ற ஆசை யாருக்கும் வரும். உச்சி 2,243 மீட்டர், அதாவது நீங்கள் சுழியோடிய இடத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல். மலையை முதலில் ஏறி இறங்குங்கள், ஓய்வெடுத்துவிட்டுத் தண்ணீருக்குப் போங்கள். மாற்றிச் செய்யாதீர்கள். அணைக்கும், மின்நிலையத்துக்குத் தண்ணீர் போகும் சுரங்க வாய்க்கும் அருகில் போகவே கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். கைவிட்ட நரம்பு வலைகள் கட்டைகளில் மாட்டிக் கிடக்கும், ஆளுக்கொரு கத்தி வைத்திருங்கள்.

அடுத்த முறை இறங்கும்போது நான் கேட்பது மூன்று விஷயம்தான். விட்டத்தின் அளவு. விளிம்பு முட்டுகளின் படம், டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்து எடுத்தது. நேராக அடித்தால் மிதக்கும் தூசிதான் படத்தில் விழும். கடைசியாக எழுத்து. அந்தக் காலத்து வார்ப்புகளில் செய்தவர் பெயர் புடைப்பாக இருக்கும். கெய்ன்ஸ்பரோ மார்ஷல், பெல்ஃபாஸ்ட் டேவிட்சன், கொழும்பு வாக்கர்ஸ், கொழும்பு கொமர்ஷல் கம்பனி என்று ஏதாவது ஒன்று. சுரண்ட வேண்டாம், கையுறையால் மெல்லத் துடைத்தால் போதும், எழுத்தின் மேட்டை விரலே வாசித்துவிடும். அதற்குள் ஒரு நாள் கண்டிக்குப் போய் ஹந்தானைத் தேயிலை நூதனசாலையைப் பாருங்கள். 1925இல் கட்டிய பழைய தொழிற்சாலைக் கட்டடம், பழைய ரோலர்கள் நிற்கின்றன. மேசையை மேலிருந்து, பக்கத்திலிருந்து, குனிந்து அடியிலிருந்து என்று எல்லாக் கோணத்திலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெயரும் அளவும் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், எந்த வகை ரோலர் என்று சொல்லிவிடலாம்.